பாதை மாறும் இடம்

1903 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வாணியம்பாடிக்குள் புகுந்தது. அதில் மாண்டவர்களுக்கான நினைவுத்தூண் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், கம்பியில்லாத் தந்தியைப் பற்றிப் பேசச் சில நாடுகள் பெர்லினில் கூடியிருந்தன. மார்க்கோனி நிறுவனத்தின் கரை நிலையங்கள், வேறு நிறுவனத்தின் கருவி வைத்த கப்பல்களோடு பேச மறுத்துவந்தன. ஒன்றின் ஒலி மற்றதற்குக் கேட்கும். பதில் சொல்லத்தான் தடை. ஆபத்து நேரத்துக்கு விலக்கு உண்டு என்றார்கள். ஆனால் அன்றாடம் பேசிப் பழகாதவர்கள் ஆபத்தில் மட்டும் எப்படிப் பிசகின்றிப் பேசுவார்கள்? எந்த நிறுவனத்தின் கருவியானாலும் கரை நிலையமும் கப்பலும் செய்தி பரிமாறியே தீர வேண்டும் என்று 1906 பெர்லின் உடன்படிக்கை விதித்தது. எஸ்.ஓ.எஸ். என்ற ஆபத்துக் குறியும் அதில்தான் உறுதியானது. பாலாற்று வெள்ளம் போன்ற பேரிடரில் இன்று இறங்கும் மீட்புப் படைகளின் வயர்லெஸ் செட்டுகள் ஒன்றோடொன்று பேசாத சிக்கலுக்கும் இதுவே வழி என்பது என் வாதம்: முதலில் உடன்பாடு, பிறகு கருவி.

அன்றைய கருவிகள் எளியவை, இன்றைய செட்டுகள் அடிப்படையிலேயே வேறுபட்டவை, உடன்பாடு மட்டும் என்ன செய்யும் என்று கேட்கலாம். திருப்பத்தூரின் பழைய ரயில்பாதையில் இதற்கு விடை இருக்கிறது. 1905இல் இங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு இரண்டரை அடி அகலத்தில் குறும்பாதை போட்டார்கள். சென்னையிலிருந்து வரும் ஐந்தரை அடி அகலப் பாதை வண்டி அதில் ஓடாது. சரக்கை இறக்கி மறுவண்டியில் ஏற்றியாக வேண்டும். வயர்லெஸ் இணைப்புப் பெட்டி செய்வதும் அதே வேலைதான். ஒரு செட்டின் ஸ்பீக்கரில் வரும் குரலை வாங்கி, அடுத்த செட்டின் மைக் வழியே செலுத்தி, அதன் பேசும் பொத்தானையும் தானே இயக்குகிறது. ஒன்று அனலாக், மற்றது டிஜிட்டல் என்றாலும், இரண்டின் அலைவரிசையும் வேறு என்றாலும், இடையில் கைமாறுவது மனிதக் குரல். ஆகவே பொறியியல் பெரிய தடையல்ல. பெட்டியை யார் திறப்பது, எந்தச் சேனலில், எந்தப் பொதுச் சொற்களில் பேசுவது என்பவைதான் முன்கூட்டியே தீர வேண்டியவை.

அப்படியானால் எல்லோருக்கும் ஒரே செட்டை வாங்கிக் கொடுத்துவிடலாமே என்பது அடுத்த வாதம். ராணுவத்துக்கு மறைகுறியாக்கம் வேண்டும். புகைக்குள் நுழையும் தீயணைப்பு வீரருக்குக் கையுறையோடு அழுத்தக்கூடிய பொத்தான் வேண்டும். ஒரே செட் இருவருக்கும் பொருந்தாது. செல்போன் போதும் என்பாருக்கு 2015 டிசம்பர் சென்னை பதில் சொல்லும்: வெள்ளத்தில் பல பகுதிகளில் செல்போன் சேவையே அற்றுப்போனது. இணைத்தால் ராணுவ ரகசியம் கசியும் என்ற அச்சம்தான் கனமானது. அதற்கும் அதே டிசம்பரில் சான்று உண்டு. சென்னை விமான நிலையம் மூழ்கியபோது, பயணிகள் விமானங்கள் அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பறந்தன. விமானிகளுக்கும் விமானக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் உலகெங்கும் பொதுவான அலைவரிசைகளும் பொதுவான சொற்களும் எப்போதோ வகுக்கப்பட்டிருந்தன. அவற்றில் பேச, கடற்படை தன் ரகசியச் சேனல் எதையும் திறக்கத் தேவையில்லை.

2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை என மூன்றானது. பாலாறு மூன்றின் வழியாகவும் ஓடுகிறது. 2021 நவம்பரில் அது மீண்டும் பெருக்கெடுத்தது. இத்தகைய வெள்ளத்தில் போலீஸ், தீயணைப்பு, வருவாய்த் துறைகளோடு அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையும் தேவைப்பட்டால் ராணுவ ஹெலிகாப்டர்களும் ஒரே கரைக்கு வருகின்றன. இவர்கள் அனைவருக்கும் ஒரு பொதுச் சேனலும், அதைத் திறக்கும் பொறுப்பில் ஓர் அதிகாரியும், மழைக்கு முன்பே மூன்று மாவட்டங்களும் சேர்ந்து நடத்தும் ஒரு பயிற்சியும் வேண்டும். ஆம்பூரில் கூரைமேல் நின்று கைகாட்டும் ஒருவரைப் பற்றிய செய்தி, எந்தத் துறையின் செட்டில் கிளம்பினாலும், படகில் இருப்பவரின் காதுக்கு நேரே போய்ச் சேர வேண்டும்.