குறைந்த செலவில் வண்ணச் சீரமைப்பு: ஏற்ற மானிட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குறும்படம், விளம்பரம், யூடியூப் காணொளி என எதுவாயினும், படத்தொகுப்புக்குப் பின் நடைபெறும் முக்கியப் பணி கலர் கிரேடிங் எனப்படும் வண்ணச் சீரமைப்பு. இதற்குப் பயன்படும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளுக்கு இலவசப் பதிப்பும் உள்ளதால், வீட்டிலிருந்தே இப்பணியைச் செய்ய முடிகிறது. ஆயினும், மானிட்டர் காட்டும் வண்ணம் பிழையாக இருந்தால் செய்யப்படும் திருத்தமும் பிழையாகவே முடியும்.

பிழை எவ்வாறு நேர்கிறது?

மானிட்டரில் நீலம் தூக்கலாக இருந்தால், அதை ஈடுசெய்யும் வகையில் பணியாற்றுபவர் மஞ்சளைக் கூட்டிவிடுவார். பிறருடைய திரைகளில் அந்த முகங்கள் மஞ்சள் படிந்து தோன்றும். திரையின் ஒளி அளவுக்கு மீறி இருந்தால், காட்சி தேவைக்கு மேல் இருட்டாக்கப்படும். கண்கள் திரைக்கு விரைவில் பழகிவிடுவதால், பணியின்போது இப்பிழை புலப்படுவதில்லை. காணொளி வாடிக்கையாளரின் கைக்குச் சென்ற பின்னரே வெளிப்படும்.

வண்ண எல்லை

எச்டி தொலைக்காட்சிக்காகச் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த ரெக். 709 தரநிலையே, எச்டிஆர் அல்லாத காணொளிகளுக்கு இன்றும் அடிப்படை. கணினிகளுக்கான எஸ்ஆர்ஜிபி தரநிலையும் இதே முதன்மை வண்ணங்களையும், சுமார் 6500 கெல்வின் கொண்ட டி65 வெண்மையையும் பின்பற்றுகிறது. எனவே, 100 சதவீத எஸ்ஆர்ஜிபி வண்ணங்களைக் காட்டும் மானிட்டர் தொடக்கநிலைப் பணிக்குப் போதுமானது. 45 சதவீத என்டிஎஸ்சி என்று குறிப்பிடப்படும் மலிவுத் திரைகள் இதற்கு ஏற்றவையல்ல.

டிசிஐ-பி3 போன்ற விரிந்த வண்ண எல்லை கொண்ட மானிட்டர் எனில், அதில் எஸ்ஆர்ஜிபி அல்லது ரெக். 709 முறை தனியாக இருக்க வேண்டும். இல்லாவிடில் வண்ணங்கள் இயல்பைவிட அடர்த்தியாகத் தெரியும். அதைக் கண்டு அடர்த்தியைக் குறைத்தால், பார்வையாளரின் திரையில் காட்சி வெளிறிவிடும்.

பேனலும் பிற அம்சங்களும்

ஐபிஎஸ் பேனலில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் வண்ணம் அதிகம் மாறுவதில்லை. கருமை சற்றே சாம்பல் நிறமாகத் தெரிவது இதன் குறை. விஏ பேனலில் கருமை ஆழமாக இருப்பினும், பார்க்கும் கோணத்திற்கேற்ப நிறமும் ஒளியும் மாறும். வண்ணப் பணிக்கு ஐபிஎஸ் பேனலே ஏற்றது. டிஎன் பேனலைத் தவிர்க்கலாம்.

8 பிட் திரை சுமார் 1.67 கோடி வண்ணங்களையும், 10 பிட் திரை சுமார் 107 கோடி வண்ணங்களையும் காட்டும். பணம் குறைவெனில் 8 பிட் போதும். 4கே தெளிவுத்திறனும் கட்டாயமில்லை. டிஸ்ப்ளே எச்டிஆர் 400 சான்றைக் கண்டு கூடுதல் விலை கொடுப்பதால் பயனில்லை; எச்டிஆர் சீரமைப்புக்கு 1000 நிட்ஸ் வரை ஒளிரும் திரைகளே பொதுவாகப் பயன்படுகின்றன.

இவ்வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு, 27 அங்குல ஆசஸ் புரோஆர்ட் பிஏ278கியூவி. ஐபிஎஸ் பேனலும் 2560 x 1440 தெளிவுத்திறனும் கொண்ட இந்த மானிட்டர், எஸ்ஆர்ஜிபி, ரெக். 709 ஆகிய இரண்டையும் 100 சதவீதம் காட்டும் என்றும், வண்ணப் பிழையளவான டெல்டா இ 2-க்கும் குறைவு என்றும் நிறுவனம் தெரிவிக்கிறது.

அளவுத்திருத்தம் அவசியம்

தொழிற்சாலையில் சரிசெய்யப்பட்ட திரையும் நாளடைவில் மாறும். ஆகவே, மொத்தச் செலவில் ஒரு பகுதியைக் கலரிமீட்டர் கருவிக்கு ஒதுக்குவது நன்று. இதனுடன் டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். திரையை அரைமணி நேரம் இயக்கிய பின் அளவிட வேண்டும். வெண்மை டி65, ஒளி 100 நிட்ஸ், காமா இருண்ட அறையில் 2.4, வெளிச்சமுள்ள அறையில் 2.2 என்பன வழக்கமான இலக்குகள்.

கணினியில் பதியும் வண்ண விவரக்கோப்பை எல்லா மென்பொருள்களும் மதிப்பதில்லை. டாவின்சி ரிசால்வில் அளவுத்திருத்தத்தின்போது உருவாக்கும் முப்பரிமாண லட் கோப்பைக் காட்சித் திரைக்குப் பொருத்திக்கொள்ளலாம்.

திரைக்குப் பின்னுள்ள சுவர் சாம்பல் நிறத்தில் இருப்பதும், வண்ண விளக்குகள் அணைக்கப்பட்டிருப்பதும் நலம். மானிட்டரில் தானியங்கி ஒளிமாற்றத்தையும் இரவுநேர முறையையும் நிறுத்திவைக்க வேண்டும். பணி முடிந்ததும் கைபேசியிலும் தொலைக்காட்சியிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். எனினும், அவற்றை நம்பி வண்ணத்தை மாற்றுதல் கூடாது.