ஜேகே முழுநாளான கதை

2009 ஒக்டோபரில் ஒன்ராறியோ மாகாணத்தின் கஜானா காலி. அந்த மாதம் 22ஆம் திகதி வெளியான கணக்கு, பற்றாக்குறை 2,470 கோடி டொலர் என்றது. உலகப் பொருளாதாரச் சரிவில் வாகன ஆலைகள் ஆட்டம் கண்டிருந்த நேரம் அது. அதே மாத முடிவில்தான் முதல்வர் டால்ரன் மக்கின்ரி, நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுப் பள்ளிகளில் முழுநாள் பாலர் வகுப்பு வரும் என்று அறிவித்தார்.

அதற்கு முன்பும் நாலு வயதுக்காரருக்கு ஜேகே (ஜூனியர் கிண்டர்கார்டன்), ஐந்து வயதுக்காரருக்கு எஸ்கே (சீனியர் கிண்டர்கார்டன்) என்ற பாலர் வகுப்புகள் இருந்தன. ரொறன்ரோவின் பொதுப் பள்ளிக்குள் பாலர் வகுப்பு 1883இலேயே வந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் அது சுமார் இரண்டரை மணி நேரந்தான். காலையில் ஒரு கூட்டம், மதியத்துக்குப் பின் இன்னொரு கூட்டம், இரண்டுக்கும் ஒரே ஆசிரியர். வேலைக்குப் போகும் தாய்க்கு அந்த இரண்டரை மணி நேரத்தால் தொல்லைதான் மிச்சம். பதினொன்றரைக்குப் பிள்ளையைக் கூட்டிவர யாராவது வேண்டும். ஸ்காபரோவின் தமிழ் வீடுகளில் அம்மம்மா இருந்தால் சமாளித்தார்கள். இல்லாதவர்கள் பகல் பராமரிப்புக்குக் காசு கட்டினார்கள், அல்லது தாய் வேலையை விட்டாள்.

முழுநாள் வேண்டும் என்ற கோரிக்கை பழையது. மொனிக் பெஜானும் ஜெரல்ட் கப்லனும் தலைமை தாங்கிய கல்வி ஆணைக்குழு, 1994ஆம் ஆண்டு அறிக்கையில் மூன்று வயதிலிருந்தே அதைக் கேட்டது. அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது. எல்லாக் கல்விச் சபைகளும் ஜேகே நடத்த வேண்டும் என்று முந்தைய அரசு விதித்ததைப் புதிய முதல்வர் மைக் ஹரிஸின் அரசு நீக்கி, நிதியையும் குறைத்தது. சில சபைகள் ஜேகேயைக் கைவிட்டன. விரும்பினால் நடத்தலாம் என்று விட்டுவிட்டால், நெருக்கடி வரும்போது முதலில் மூடப்படுவது வாக்கில்லாத நாலு வயதுப் பிள்ளையின் வகுப்புத்தான். சட்டக் கட்டாயம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு எனக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அதே ஹரிஸ் அரசு கேட்டுக்கொண்டதால் மருத்துவ ஆராய்ச்சியாளர் பிரேசர் மஸ்ரார்டும் மார்கரெட் மக்கெயினும் 1999இல் ஓர் ஆய்வைத் தந்தார்கள். முதல் ஆறு ஆண்டுகளில் மூளை வளரும் விதம் பின்னாளின் படிப்பையும் நடத்தையையும் உடல்நலத்தையுமே தீர்மானிக்கிறது என்று அது சொன்னது. 2007இல் மக்கின்ரி, சார்ள்ஸ் பஸ்காலை முன்பிள்ளைப்பருவக் கல்விக்கான ஆலோசகராக அமர்த்தினார். 2009 ஜூனில் பஸ்கால் தந்த அறிக்கைதான் திட்டத்தின் மூலம். காலை ஏழரை முதல் மாலை ஆறு வரை பிள்ளை ஒரே கூரையின் கீழ், தெரிந்த முகங்களோடு இருக்க வேண்டும் என்றார் அவர். விளையாட்டே பாடமாக வேண்டும் என்றும் கேட்டார். ஆசிரியரோடு பயிற்சி பெற்ற முன்பிள்ளைப்பருவக் கல்வியாளரும் வகுப்புக்குள் வந்தார்.

2010இல் நிறைவேறிய சட்டம் பிள்ளையைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒன்ராறியோவில் ஆறு வயதில்தான் பள்ளி கட்டாயம். கட்டாயம் கல்விச் சபைக்கு: பெற்றோர் கேட்டு வந்தால் இடம் கொடுத்தே ஆக வேண்டும். அந்தச் செப்டெம்பரில் சுமார் 600 பள்ளிகளில், 35,000 பிள்ளைகளோடு திட்டம் தொடங்கியது.

நோகாமல் நடந்துவிடவில்லை. வகுப்பறைகள் கட்ட வேண்டியிருந்தது. பகல் பராமரிப்பு நிலையங்களுக்கோ பலத்த அடி. கைக்குழந்தைகளைப் பார்க்கும் கூடிய செலவை நாலு, ஐந்து வயதுக்காரரின் கட்டணத்தால்தான் அவை ஈடுகட்டிவந்தன. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள். 2012இல் அரசே நியமித்த டொன் ட்ரமண்ட் ஆணைக்குழு, இத்திட்டத்தைக் கைவிடுங்கள், முடியாவிட்டால் தள்ளிப்போடுங்கள் என்றது. மக்கின்ரி அரசு அசையவில்லை. 2014 செப்டெம்பரில் மாகாணம் முழுவதும் முழுநாள் வகுப்பு வந்துவிட்டது.

பஸ்கால் கேட்டதில் ஒரு பகுதி இன்னும் வரவில்லை. பள்ளி மணிக்கு முன்னும் பின்னுமான பராமரிப்புக்குப் பெற்றோர் இன்றும் தனியே கட்டணம் கட்டுகிறார்கள். அதே வகுப்பில் அதே பிள்ளைகளோடு நாள் முழுக்க நிற்கும் கல்வியாளருக்கு ஆசிரியரைவிட வெகு குறைவான சம்பளம். அந்தச் சம்பளத்தை உயர்த்துங்கள் என்று உங்கள் மாகாண உறுப்பினரிடம் கேளுங்கள்.