செய்தி முந்துமா, வெள்ளம் முந்துமா?

சாமர்த்தியசாலியான ஒருவனைக் குறிப்பிட்டு, "அவன் பெரிய எம்டனாயிற்றே!" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அப்படிச் சொல்லுகிறவர்களில் பலருக்கு, எம்டன் என்பது ஒரு கப்பலின் பெயர் என்ற நினைவே இராது. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. ஏறக்குறைய நூற்று முப்பது குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அரை மணி நேரத்தில் வந்த காரியத்தை முடித்துக்கொண்டு கப்பல் இருளில் மறைந்துவிட்டது.

கப்பல் போய்விட்டது, பயம் போகவில்லை. 'மறுபடியும் வருகிறதாம், இன்றைக்கு இரவு வருகிறதாம்' என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் கேட்க, ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயில் நிலையங்களை நோக்கி ஓடினார்கள். எம்டன் சென்னைப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த நவம்பரில் கொக்கோஸ் தீவுகளின் அருகே அதன் கதை முடிந்தது. ஆனாலும் நூறு ஆண்டுகள் கழிந்த பிறகும் அதன் பெயர் நம் நாவில் இருக்கிறது. குண்டு சேதப்படுத்தியது சில தொட்டிகளைத்தான். ஊரைக் காலி செய்தது வதந்தி.

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு வதந்தியிடம் ஒரு தொழில்முறை மரியாதை உண்டு. நாங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதி, அச்சிட்டு, வாசகர்களின் கருணையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம். வதந்திக்கு ஆசிரியர் இல்லை, அச்சகம் இல்லை, விலையும் இல்லை. ஒரே மாலைப் பொழுதில் ஊர் முழுவதும் படித்து முடித்துவிடுகிறது. படித்தவர்கள் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஓர் அத்தியாயம் சேர்த்து அடுத்தவரிடம் கொடுக்கிறார்கள்!

வதந்தி குடிமக்களை மட்டுமே பிடிக்கும் வியாதி என்று யாராவது நினைத்தால் 1942-ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். அந்த ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. 9-ஆம் தேதி திருகோணமலை. ஜப்பானியக் கடற்படை சென்னைக்கு வருகிறது என்ற தகவலை நம்பி, சென்னை அரசாங்கமே நடுங்கிப் போயிற்று. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. நகரில் அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியேறிவிடலாம் என்று சொல்லப்பட்டது. குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடுமே என்று அஞ்சி, மிருகக்காட்சிச் சாலையிலிருந்த சிங்கம், புலி முதலியவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பானியக் கப்பல்கள் வரவில்லை. வீடு வாசலைப் பூட்டிக்கொண்டு போன மக்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். சிங்கமும் புலியும் திரும்பி வரவில்லை.

இவையெல்லாம் தந்தியும் தபாலும் இருந்த காலத்துச் சங்கதிகள்; ஆளுக்கொரு செல்போன் இருக்கும் இந்தக் காலத்தில் உண்மை உடனுக்குடன் தெரிந்துவிடாதா என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக 2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துப் பெங்களூரைக் காட்டுகிறேன்.

அதற்கு முந்தின மாதம் அஸ்ஸாமில் கோக்ரஜார் பகுதியில் கலவரம் நடந்திருந்தது. அதற்குப் பழி வாங்கப் போகிறார்கள் என்ற குறுஞ்செய்திகளும், வேறெங்கோ எடுத்த கோரமான படங்களும் செல்போனுக்குச் செல்போன் தாவின. பெங்களூரில் வேலைக்கும் படிப்புக்கும் வந்திருந்த வடகிழக்கு மாநிலத்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். குவாஹாத்திக்குத் தனி ரயில்கள் விட வேண்டியதாயிற்று. 1914-இல் சென்னை ரயில் நிலையங்களில் நின்ற அதே கூட்டம், அதே மூட்டை முடிச்சு, அதே கலங்கிய முகங்கள்! மத்திய அரசு ஒரு பரிகாரம் கண்டது. பதினைந்து நாட்களுக்கு ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து குறுஞ்செய்திகளுக்கு மேல் அனுப்பக்கூடாது என்று உத்தரவிட்டது. இந்த ஐந்து என்ற எண்ணைத் தயவு செய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி. தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரி ஏற்கெனவே ததும்பி நின்றது. அன்று மாலைக்குமேல் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. ஏரிக்குக் கீழே ஆறு இறங்கும் வழியில் சேர்ந்த மழைநீரும் அதனோடு கலந்துகொண்டது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று கரையோரக் குடியிருப்புகளுக்குள் இரவில் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் போயிற்று, தொலைபேசிக் கோபுரங்கள் ஊமையாயின, விமான நிலையம் மூடப்பட்டது. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாததால், 1878-இல் தோன்றிய 'தி இந்து' பத்திரிகை முதன்முறையாக டிசம்பர் 2-ஆம் தேதி வெளிவரவில்லை.

பத்திரிகை வராத அந்த நாளில் வேறொரு பத்திரிகை வந்தது. அதை எழுதியவர்கள் ஊர்மக்கள். இப்போது எக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கும் ட்விட்டரிலும், பேஸ்புக்கிலும், வாட்ஸ்அப்பிலும் செய்திகள் வந்து குவிந்தன. 'இந்தத் தெருவில் மாடியில் ஒரு முதியவர் தனியாக இருக்கிறார்', 'எங்கள் வீட்டில் பத்துப் பேர் தங்கலாம்', 'எங்களிடம் ஒரு படகு இருக்கிறது' என்கிற பாணியில் ஒரு பக்கம் கேட்கிறவர்களும் மறுபக்கம் கொடுக்கிறவர்களும் எழுதினார்கள். இரண்டையும் சேர்த்து வைக்கத் தொண்டர்கள் சிலர் முன்வந்தார்கள். எல்லாரும் பார்க்கக்கூடிய ஓர் இணையப் பட்டியலைத் திறந்து, பெயர், இடம், தேவை என்று வரிசையாகப் பதிந்தார்கள். வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்தவர்கள் ராத்திரி பகல் பாராமல் அந்த எண்களைக் கூப்பிட்டு, செய்தி மெய்தானா என்று விசாரித்தார்கள். அலுவலகம் இல்லை, ஆபீசர் இல்லை, சம்பளம் இல்லை. இருந்தும் ஓர் இலாகா நடந்தது!

அந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், உதவி கிடைத்துவிட்டவர்களின் வரியைக் குறித்து மூடிவிடும் அந்தச் சின்ன வேலைதான். ஏனென்றால் இந்தச் சாதனங்களில் ஒரு செய்தியைப் பிறக்க வைப்பது சுலபம். சாக வைப்பதுதான் கஷ்டம். முந்தின நாளே மீட்கப்பட்டுவிட்டவருக்காக மறுநாளும் படகு கேட்டு வேண்டுகோள்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. அந்தப் படகு போக வேண்டிய வேறு வீட்டுக்கு அதனால் தாமதம். நல்லெண்ணத்தோடு அனுப்பிய பழைய செய்திகூட ஒருவருக்குத் தீங்காகிவிடக்கூடும் என்பதை அன்று சென்னை கற்றுக்கொண்டது.

சிங்கம் புலி கூண்டை உடைத்துக்கொண்டு வந்துவிடும் என்ற அந்த 1942-ஆம் ஆண்டுப் பயமும் அந்த நாட்களில் வேறு உருவத்தில் வந்தது. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெள்ளத்தில் வருகின்றனவாம்! பண்ணைக்காரர்கள் மறுத்தார்கள். அமெரிக்காவின் நாசா நிறுவனமே பேய்மழை வரும் என்று சொல்லிவிட்டதாம்! அதுவும் பொய். கேள்விப்பட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஏரி எவ்வளவு நிறைந்திருக்கிறது, எப்போது திறப்பார்கள், தண்ணீர் எந்தத் தெரு வரை வரும் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாமல் தவித்தவர்கள் அவர்கள். விடை சொல்ல வேண்டியவர்கள் பேசாத இடத்தில்தானே முதலை பேசுகிறது?

எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் திறந்தோம் என்றது அரசு. எங்களுக்கு வந்து சேரவில்லை என்றார்கள் கரையில் இருந்தவர்கள். 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, ஏரியைக் கையாண்ட விதத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்ல. ஆனால் 'கொடுத்தோம்' என்ற சொல்லுக்கும் 'வந்து சேரவில்லை' என்ற சொல்லுக்கும் இடையில் எத்தனை வீடுகள் மூழ்கின என்று நினைக்கும்போது நெஞ்சு பதைக்கிறது.

அதே 2018-ஆம் ஆண்டு இந்தச் சாதனத்தின் இரண்டு முகங்களையும் சில மாத இடைவெளியில் நமக்குக் காட்டியது.

மே மாதத்தில், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற பொய் வாட்ஸ்அப்பில் வட மாவட்டங்களெங்கும் பரவியிருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளைக் கண்டு ஆசையாக மிட்டாய் கொடுத்தார். கூட்டம் கூடி அடித்ததில் அவர் உயிர் போயிற்று. குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது நம் ஊர்ப் பாட்டிகளின் சுபாவம். அந்தச் சுபாவத்தைக் குற்றமாக்க ஒரு செல்போன் செய்தி போதுமானதாக இருந்தது. நாட்டின் வேறு பகுதிகளிலும் இப்படிக் கொலைகள் நடந்தன. அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவுக்கு ஒரு கட்டுப்பாடு விதித்தது: வந்த செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அரசு கண்ட அதே ஐந்து! பொய்க்கு வேகத்தடை போட்டார்கள், நல்லதுதான். ஆனால் வேகத்தடை உண்மைக்கும் சேர்த்துத்தானே?

ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். நானூற்று எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்ட அந்தப் பேரிடரில், சென்னையில் தொண்டர்கள் தாமாகச் செய்த காரியத்தைக் கேரளத்தில் அரசே கையில் எடுத்துக்கொண்டது. மாநிலத் தகவல் தொழில்நுட்ப இலாகாவும் இளம் பொறியாளர்களும் சேர்ந்து உதவி கேட்பவர்களுக்கென ஓர் இணையதளம் அமைத்தார்கள். தினந்தோறும் முதலமைச்சர் நிருபர்களைச் சந்தித்து நிலவரம் சொன்னார். முல்லைப் பெரியாறு அணை உடையப் போகிறது என்று புரளி கிளம்பியபோது அரசு உடனே மறுத்தது. போலீஸ் வழக்குப் போட்டது. கடலோர மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் மீட்டவர்கள் அறுபதாயிரத்துக்கும் மேல் என்று அரசுக் கணக்கு சொல்கிறது. செய்தி கைபேசி வழியாக வந்தாலும், வெள்ளத்தில் கையைப் பிடித்துத் தூக்கியது துடுப்புப் பிடித்துக் காய்த்த கைகள்தாம்.

அந்த மீனவர்களை நினைக்கும்போது அதற்கு முந்தின ஆண்டு, 2017-இல் நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. புயல் எச்சரிக்கை வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தார்கள். அங்கே செல்போன் எடுக்காது. கரையில் ஆயிரம் பேர் ஆயிரம் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாலும் அங்கே ஒன்றும் கேட்காது. பல வீடுகளில் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்தும் ஆட்கள் திரும்பவில்லை.

பழைய காலத்தில் ஏரி உடைப்பெடுத்தாலும் வரி கட்டச் சொன்னாலும் ஊருக்குத் தண்டோரா போடுவார்கள். பறையை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவனின் குரல் கடைசிக் குடிசை வரைக்கும் கேட்கும். 2022-இல் அந்த வழக்கத்தை நிறுத்தும்படி தமிழக அரசு சொல்லிவிட்டது. அறிவிப்பதை ஒரு சாதியின் தலையில் இழிவாகச் சுமத்திய வழக்கம் ஒழிந்தது மிகவும் சரி. 2023-இல் அரசு ஒத்திகை பார்த்தபோது நம் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த அலறலுக்கு ஐந்து பேர் என்ற வரம்பு கிடையாது; கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கிற கைபேசிகளிலெல்லாம் ஒலிக்கும். நல்ல ஏற்பாடு. ஆயினும் கைபேசி இல்லாத கிழவிக்கும், மின்சாரம் போனதும் கைபேசி அணைந்துபோன குடும்பத்துக்கும், கோபுரமே எட்டாத கடலில் இருப்பவனுக்கும் அது போதாது.

எம்டன் முதல் செம்பரம்பாக்கம் வரை நான் படித்த வரலாறு இவ்வளவுதான்: ஆபத்துக் காலத்தில் மக்கள் யாரையாவது நம்பியே தீருவார்கள். முதலில் பேசுகிறவனை நம்புவார்கள். நேற்று மெய் சொன்னவனை இன்னும் அதிகமாக நம்புவார்கள். மழை இல்லாத நாளில் ஏரியின் கணக்கை ஒளிக்காமல் சொல்லி வந்த அரசாங்கத்தின் பேச்சுக்குத்தான் மழை நாளில் மதிப்பிருக்கும். அந்தப் பேச்சு செல்போனில் வரட்டும், ஒலிபெருக்கியில் வரட்டும். அடுத்த முறை மதகைத் தூக்குவதற்கு முன், ஆற்றங்கரையின் கடைசி வீட்டுக் கதவை யார் போய்த் தட்டுவது என்பதை மட்டும் இப்போதே பேர் சொல்லி எழுதி வைத்துவிட வேண்டும்.