சரமும் கோலும்

திருவண்ணாமலைத் திருக்கோயிலிலே, ஆயிரக்கால் மண்டபத்தின் அருகே, கம்பத்து இளையனார் சந்நிதியில் நின்று, அருணகிரிநாதரின் பொருட்டு முருகப்பெருமான் தூணில் தோன்றி அருளினான் என்னும் ஐதிகத்தை நினைந்து, 'சரவணபவ' என்று வாயார ஓதுகின்ற அன்பர்கள், அவ்வாறெழுத்துக்குள்ளே ஒரு புல்லின் பெயரும் ஓர் ஆயுதத்தின் பெயரும் ஒன்றாய்க் கிடப்பதைக் கருதிப் பார்த்தால் பெரிதும் வியப்படைவர்.

சரம் என்னும் வடசொல்லுக்கு ஆதியில் வழங்கிய பொருள் நாணல் இனத்துப் புல் என்பதே. சரவணம் என்பது அப்புல் செறிந்த காடு. அக்காட்டில் உதித்தவன் சரவணபவன். அம்பு என்னும் பொருள் பின்னர் வந்தது. விதைப்பாரும் காப்பாரும் இன்றி நீர்க்கரையில் நெடிதோங்கும் தட்டையை அறுத்து, உலர்த்தி, அனலில் வாட்டிக் கோணல் நிமிர்த்தி, வாலில் இறகு கட்டினால் அம்புக்கு உடல் வாய்த்துவிடுகிறது. ஆதலின் பொருளின் பெயரே கருவிக்கும் பெயராயிற்று. தட்டை இலேசானது, விரைந்து பறப்பது. ஆனால் நுனி வலுவற்றது. அக்குறையைத் தீர்க்கவே, 1922-இல் திறக்கப்பெற்ற எகிப்திய அரசன் துட்டங்காமனின் கல்லறையிற் கிடைத்த நாணல் அம்புகளின் முன்புறத்தில் வன்மரத் துண்டு செருகப்பட்டிருக்கிறது. நாணல் இல்லாத குளிர்நாட்டார் காட்டுச் செடிகளின் நேரிய இளங்கிளைகளை நாடினர். 1991-இல் ஆல்ப்ஸ் பனியிலிருந்து வெளிப்பட்ட, ஐயாயிரம் ஆண்டுகட்கும் முற்பட்ட வேட்டுவனின் தூணியில் அத்தகைய கோல்கள் பதினான்கு இருந்தன. அவற்றுள் அம்பாக முற்றுப்பெற்றவை இரண்டே.

கோல்கள் என்றேன்; தமிழில் அதுவும் அம்பின் பெயரே. எழுதுகோல், துலாக்கோல், ஊன்றுகோல் என மரத்திலிருந்து வெட்டிய கழிகளுக்கெல்லாம் பொதுவான இச்சொல்லைப் பழம்புலவர் அம்புக்கும் வழங்கினர். நேரிய ஆட்சியைச் செங்கோல் என்றும், நெறி பிறழ்ந்ததைக் கொடுங்கோல் என்றும் உரைத்த நம் முன்னோர், கொடுமை என்னும் சொல்லால் வளைவையே முதலிற் குறித்தனர். வெட்டிய கழியை ஒரு கண் மூடி நோக்கி, கோணலை நெருப்பில் நிமிர்த்திய தொழிலாளியின் பழக்கமே அரசியற் சொல்லாய் உயர்ந்திருத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்கள் 1972-இல் தொல்லியல் துறையாரால் நூலாக வெளியிடப்பெற்றன. வில்லேந்தி நிற்கும் வீரர்களையும், உடலில் அம்பு தைத்தவர்களையும் அத்தகைய கற்களிற் காணலாம். உடலுட் புகுந்த இரும்புமுனை கண்ணுக்குப் புலப்படாது. சிற்பி செதுக்கிக் காட்ட எஞ்சியது வெளியே நீட்டி நிற்கும் கோல் மட்டுமே.