தம் காலத்தின் தலைசிறந்த கூடைப்பந்து வீரர் யார்? தமிழ்நாட்டிலிருந்து ஒரு பார்வை

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் கூடைப்பந்து ஆட்டம், குளிர்காலத்தில் நமக்குக் காலை ஆறு மணி ஆட்டம். கோடையில் ஐந்து மணி ஆட்டம். விருதுநகர், சிவகாசிப் பகுதியில் அது அடுப்புப் பற்றவைக்கும் நேரம். சற்றுப் பொறுத்தால் பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேன்கள் ஊர் முக்கில் வந்து நிற்கத் தொடங்கும். என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூட்டமைப்பின் ஆட்டப் பருவம் தொடங்குவது அக்டோபர் இறுதியில். சிவகாசி தன் ஓராண்டு உழைப்பைத் தீபாவளிக்கு விற்று முடிக்கும் காலத்தில் அங்கே புதிய ஆண்டு பிறக்கிறது. இவ்வளவு தொலைவிலிருந்தும், இவ்வளவு பொருந்தா நேரத்திலும் ஒரு விளையாட்டைப் பின்தொடர்பவர்கள் இங்கும் உண்டு. அவர்களுக்குள் தீராமல் நடக்கும் வழக்கு ஒன்றுதான்: தாம் வாழும் காலத்தில் ஆடியவர்களுள் தலைசிறந்தவர் யார்?

தமிழர்களுக்கு இத்தகைய வழக்கு புதிதன்று. பட்டிமண்டபம் என்ற சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் உள்ளது. இன்றைய பட்டிமன்றத்தில் கண்ணகியா, மாதவியா என்று இரு அணிகள் மோதினாலும் இறுதியில் நடுவர் ஒருவர் எழுந்து தீர்ப்புச் சொல்லிவிடுவார், கூட்டமும் கலையும். கூடைப்பந்து வழக்கில் அந்த நடுவர் நாற்காலி காலியாகவே இருக்கிறது. அதனால்தான் அது முடிவதில்லை.

கரிசல் மண்ணில் எழும்பாத பந்து

கூடைப்பந்து 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரால் உருவாக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1895இல், அதே ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த வில்லியம் மார்கன் கைப்பந்தை உருவாக்கினார். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் நந்தனத்தில் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம் இதுவே. இங்கே பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் வழியாக இவ்விரு விளையாட்டுகளும் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குச் சென்றன.

ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளுள் கைப்பந்து கிராமத்துக்குப் போனது. கூடைப்பந்து பள்ளி, கல்லூரி வளாகத்தோடு நின்றுவிட்டது. காரணம் மண். கைப்பந்துக்கு இரண்டு கம்பமும் ஒரு வலையும் போதும். பந்து தரையைத் தொடாமல் இருப்பதே அதன் ஆட்டம். கூடைப்பந்தில் பந்தைத் தரையில் தட்டித் தட்டித்தான் நகர முடியும். விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் காலைப் பிடித்து இழுக்கும். அதில் பந்து எழும்பாது. சிமெண்டுத் தளமும் இரும்புக் கம்பமும் வளையமும் வேண்டும் என்றால் பணம் வேண்டும். பணம் போட ஒரு பள்ளி நிர்வாகமோ ஆலையோ சங்கமோ வேண்டும். கோயம்புத்தூர், கரூர், பெரியகுளம் போன்ற ஊர்களில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிகள் ஆண்டுதோறும் நடக்கும் மரபு உருவானதற்கு, அவற்றைத் தாங்கிப் பிடித்த உள்ளூர்ச் சங்கங்களும் புரவலர்களுமே காரணம். அத்தகைய ஊர்களில் வளர்ந்த ஒருவர் நாட்டின் முன்னணி வீரர்களை இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ நேரில் பார்க்கலாம். மற்ற ஊர்க்காரருக்குத் தொலைக்காட்சி வந்த பிறகே கூடைப்பந்து வந்தது.

‘தம் காலத்தின்’ என்ற சொல்லின் பொருள் இதனால் ஊருக்கு ஊர் மாறுகிறது. பிறந்த ஆண்டைக் கொண்டு மட்டும் அதைக் கணக்கிட முடியாது. எதைப் பார்க்க வாய்த்ததோ அதுவே ஒருவரின் காலம்.

ஜோர்டனா, லெப்ரானா?

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில்தான் என்.பி.ஏ. வீரர்கள் முதன்முறையாக ஒலிம்பிக் களம் கண்டனர். மைக்கேல் ஜோர்டன், மேஜிக் ஜான்சன், லேரி பேர்ட் ஆகியோர் ஒரே அணியில் ஆடினர். செயற்கைக்கோள் தொலைக்காட்சி இந்தியச் சிற்றூர்களுக்குக் கேபிள் வழியாக வந்து சேர்ந்ததும் அதே பத்தாண்டில். ஆகவே அந்தத் தலைமுறையின் முதல் நாயகன் ஜோர்டன் என்பதில் வியப்பில்லை. சிகாகோ புல்ஸ் அணிக்காக 1991 முதல் 1993 வரையும், 1996 முதல் 1998 வரையும் ஆறு முறை பட்டம் வென்றார். இறுதிச் சுற்றுக்குச் சென்ற ஆறு முறையும் தோற்கவில்லை. ஆறு முறையும் இறுதிச் சுற்றின் சிறந்த வீரரும் அவரே. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 30 புள்ளிகளுக்கு மேல். 1998 ஜூன் 14 அன்று யூட்டா அணிக்கு எதிராக அவர் எறிந்த இறுதிப் பந்து, இங்கே திங்கட்கிழமை காலையில் வளையத்துக்குள் விழுந்தது.

ஜோர்டன் தம் கடைசி ஆட்டத்தை 2003 ஏப்ரலில் ஆடினார். லெப்ரான் ஜேம்ஸ் தம் முதல் என்.பி.ஏ. ஆட்டத்தை அதே ஆண்டு அக்டோபரில் ஆடினார். இடையே ஆறு மாதம்! இருவரும் என்.பி.ஏ. ஆட்டத்தில் ஒருமுறைகூட எதிரெதிரே நின்றதில்லை. ஆனால் 1980களில் பிறந்த ஒருவர் இருவரையும் முழுமையாகப் பார்த்திருக்க முடியும். வழக்கின் உயிர் இதில் இருக்கிறது. லெப்ரான் 2012, 2013, 2016, 2020 ஆகிய ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு அணிகளுக்காகப் பட்டம் வென்றார். கரீம் அப்துல் ஜப்பார் நெடுங்காலம் வைத்திருந்த 38,387 புள்ளிகள் என்ற சாதனையை 2023 பிப்ரவரியில் கடந்தார். 2024 மார்ச்சில் 40,000 புள்ளிகளை எட்டினார்.

ஜோர்டன் பக்கம் பேசுபவர்கள் உச்சத்தைக் காட்டுகின்றனர். லெப்ரான் பக்கம் பேசுபவர்கள் நீட்சியைக் காட்டுகின்றனர். மலையின் உயரத்தையும் ஆற்றின் நீளத்தையும் ஒரே கோலால் அளக்க முயல்வதைப் போன்றது இது.

எண்ணப்படாத பந்துகள்

எண்களைக் கொண்டு தீர்த்துவிடலாமே என்று மாணவர்கள் கேட்பது இயல்பு. இங்கேதான் வரலாறு குறுக்கே வருகிறது. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரசல் 13 பருவங்களில் 11 பட்டங்களை வென்றவர். எதிரணி எறியும் பந்தை வானிலேயே தட்டித் தடுப்பதில் அவருக்கு இணை இல்லை என்பது உடன் ஆடியவர்களின் கருத்து. ஆனால் தடுத்த பந்துகளையும் பறித்த பந்துகளையும் என்.பி.ஏ. கணக்கெடுக்கத் தொடங்கியது 1973-74 பருவத்தில். ரசல் 1969இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது தொடங்கியதும் 1969இல்தான்; அந்த ஆண்டும் அது தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்டுக்குப் போனது. மூன்று புள்ளிக் கோடு வந்தது 1979-80இல். அதற்கு முன் எவ்வளவு தொலைவிலிருந்து எறிந்தாலும் இரண்டே புள்ளிதான். வில்ட் சேம்பர்லேன் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். அந்த ஆட்டம் தொலைக்காட்சியில் வரவில்லை.

எண் என்பது நடந்ததன் அளவன்று, எண்ணியதன் அளவு. அமெரிக்காவிலேயே இந்த நிலை என்றால், இந்தியாவில் சொல்ல வேண்டியதில்லை.

‘தொழில்முறை’ என்றால் என்ன?

இந்தியாவில் ஆண்களுக்கான தேசியக் கூடைப்பந்துப் போட்டி முதன்முதலில் 1934இல் நடைபெற்றது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950இல் தோன்றியது. ஆனால் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு வாழும் முறை நெடுங்காலம் வரவில்லை. 2015இல் தொடங்கிய யு.பி.ஏ. தொடர் சில பருவங்களோடு நின்றது. 2022இல் ஐ.என்.பி.எல். தொடர் தொடங்கியது. அதற்கு முன்னும் இப்போதும், இந்தியக் கூடைப்பந்து வீரரின் வாழ்வாதாரம் என்பது விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலை. தெற்கு ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித் துறை, சுங்கத் துறை, காவல் துறை, ராணுவம் என இவையே அணிகள். சம்பளம் எழுத்தருக்கோ காவலருக்கோ உரியது. உழைப்பு ஆட்டக்காரருக்கு உரியது.

இதை ஒரு குறைபாடாக மட்டும் பார்ப்பது சரியன்று எனக் கருதுகிறேன். சோவியத் வீரர்களும் தொழில்முறை ஆட்டக்காரர்களாக அல்லாமல் வேறு பணிகளில் பெயரளவில் இருந்துகொண்டே உலகை வென்றனர். பிரேசிலின் ஆஸ்கர் ஷ்மிட் 1984இல் ஒரு என்.பி.ஏ. அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டும் அங்கே செல்லவில்லை. அப்போதைய விதிப்படி என்.பி.ஏ.வில் ஆடினால் தம் நாட்டு அணிக்கு ஆட முடியாது. ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் ஆடி 1,093 புள்ளிகள் எடுத்த அவர், ஒரு நாள்கூட என்.பி.ஏ.வில் ஆடாமலேயே 2013இல் நெய்ஸ்மித் பெயரிலான புகழ் மன்றத்தில் இடம்பெற்றார்.

அந்த ஆஸ்கர் ஷ்மிட்டின் பிரேசில் அணியை இந்தியா எதிர்கொண்டிருக்கிறது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா முதலான நாடுகள் புறக்கணித்ததால் இந்திய ஆண்கள் அணிக்கு வாய்ப்புக் கிடைத்தது. சோவியத் ஒன்றியம், பிரேசில், செக்கோஸ்லோவாக்கியா ஆகியவற்றுடன் ஒரே பிரிவு. ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோல்வி. இருந்தாலும் இந்தியக் கூடைப்பந்து ஒலிம்பிக் களத்தில் நின்றது அந்த ஒருமுறைதான். அவ்வணியின் அஜ்மேர் சிங் 1982ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைப் பெற்றார்.

அண்மைக் கால ஆண்களுள் பஞ்சாபின் சத்னம் சிங் 2015இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணியால் 52ஆவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெரும் செய்தியானார். ஆயினும் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. வாரணாசியின் விசேஷ் பிருகுவன்ஷி தலைமையிலான அணி 2014இல் வூஹான் நகரில் சீனாவை 65-58 என்று வென்றது. ஆண்கள் பக்கம் வாக்களிக்க வேண்டுமானால் அந்த ஓர் இரவுக்காகவே விசேஷைத் தேர்வேன்.

ஒரே ரயில்வே அணியில் இருவர்

உண்மையான வழக்கு பெண்கள் பக்கம் இருக்கிறது. ஜோர்டனா லெப்ரானா என்று விடியற்காலையில் விழித்துச் சண்டையிடுபவர்களில் பெரும்பாலோர் இதைக் கவனித்ததில்லை. உச்சமா, நீட்சியா என்ற அதே கேள்வி சென்னையில், தெற்கு ரயில்வே அணியிலேயே, இரண்டு பெண்களின் உருவில் நின்றது.

முதலாமவர் கீத்து அன்னா ஜோஸ். 1985இல் பிறந்தவர், கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். வளையத்தின் அடியில் அவர் நின்றால் ஆட்டத்தின் வடிவமே மாறிவிடும். 2006 மெல்பர்ன் காமன்வெல்த் போட்டிக் காலத்தை ஒட்டி ஆஸ்திரேலியர்களின் கண்ணில் பட்டு, அங்குள்ள ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்காக ஆடினார். 2011இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூட்டமைப்பான டபிள்யூ.என்.பி.ஏ.வின் அணிகள் சில அவரைத் தேர்வு முகாமுக்கு அழைத்தன. இந்தியப் பெண் ஒருவருக்கு அத்தகைய அழைப்பு வந்தது அதுவே முதன்முறை. அவரால் அணியில் இடம்பெற முடியவில்லை. 2014இல் அர்ஜுனா விருது கிடைத்தது.

இரண்டாமவர் அனிதா பால்துரை. அவரும் 1985இல் பிறந்தவர், சென்னைக்காரர். 2000 முதல் 2017 வரை 18 ஆண்டுகள் இந்திய அணியில் ஆடினார். 19 வயதில் அணித் தலைவரானார். ஒன்பது ஆசியப் பெண்கள் கூடைப்பந்துப் போட்டிகளில் ஆடிய முதல் இந்தியப் பெண். தேசியப் போட்டிகளில் அவர் வென்ற பதக்கங்கள் 30. குழந்தை பிறந்த பின் பலரும் ஆட்டத்தை விட்டுவிடும் நாட்டில், அவர் திரும்பி வந்தார். 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவில், இந்திய அணி இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வென்று முதல் பிரிவுக்கு உயர்ந்தது. அந்த அணியிலும் அனிதா இருந்தார். 

அர்ஜுனா விருதுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோதுதான் தமிழ்நாட்டின் செய்தித்தாள்கள் பலவற்றில் ஒரு கூடைப்பந்து வீராங்கனை முதல் பக்கத்துக்கு அருகே வந்தார். சிவகாசியில் அச்சான காலண்டர்களில் கடவுளர், தலைவர்கள், நடிகர்கள், கிரிக்கெட் வீரர்கள் எனப் பல முகங்களை ஆண்டுதோறும் சுவரில் மாட்டியிருக்கிறோம். அச்சேறிய முகமே ஊர் அறிந்த முகம். கூடைப்பந்தாடும் பெண் ஒருவரின் முகத்தை அந்தச் சுவரில் நான் பார்த்ததில்லை.

இவர்கள் இருவரும் ஒவ்வொரு தேசியப் போட்டியிலும் எடுத்த புள்ளிகள், பிடித்த பந்துகள், கொடுத்த பந்துகள் ஆகியவற்றை ஒரு மாணவர் ஒரே இடத்தில் தேடிப் படிக்க வழியில்லை. ஜோர்டனின் 1,072 ஆட்டங்களில் எதை வேண்டுமானாலும் கைப்பேசியில் எடுத்துப் பார்க்கலாம். பில் ரசல் தடுத்த பந்துகளுக்கு நேர்ந்ததே அனிதாவின் ஆட்டங்களுக்கும் நேர்ந்தது. ரசலுக்காவது 11 பட்டங்கள் சாட்சி சொல்கின்றன.

என் வாக்கு அனிதாவுக்கு. ஓர் ஆட்டத்தை வெல்ல ஒருவரைத் தேர்ந்தெடு என்றால் கீத்துவைத்தான் அழைப்பேன். அதில் தயக்கம் இல்லை. ஆனால் கேள்வி ஓர் ஆட்டத்தைப் பற்றியதன்று. 15 வயதில் தொடங்கி, ஒன்பது ஆசியப் போட்டிகளைக் கடந்து, தாயான பிறகும் நாட்டுக்காக ஆடிய ஒருவரைக் ‘காலம்’ என்ற சொல்லுக்கு நெருக்கமாக வைக்கிறேன். கீத்து பக்கம் நிற்பவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். ரிங்வுட்டையும் 2011 அழைப்பையும் காட்டி, வெளிநாட்டுத் தொழில்முறைக் களம் தேடி வந்தது யாரை என்று கேட்பார்கள். அது பலமான கேள்விதான்.