மலைத் தண்ணியும் மூணு மாசக் கணக்கும்

எங்க பக்கம் பொம்பளைங்களுக்கு முடி கொட்டுனா முதல் குற்றவாளி தண்ணிதான். கல்யாணமாகி வேற ஊருக்குப் போன பொண்ணு "அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கல"ன்னு சொல்லும். மேகமலை எஸ்டேட்டுல கொழுந்து பறிச்சு, வயசான பிறகு சின்னமனூருக்கு இறங்கி வந்த பாட்டிகளைக் கேட்டா, "மலைத் தண்ணி முடியைக் கொண்டு போயிருச்சு"ன்னு கையை விரிப்பாங்க. வெள்ளைக்காரன் 'ஹை வேவிஸ்'னு பேர் வெச்ச அந்த மலையில மேகம் இறங்குறது நமக்கு அழகு. அவங்களுக்கு அது ஈரம், குளிர், காய்ச்சல்.

இந்தத் தண்ணிக் கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம்னுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு சின்ன சந்தேகம். உப்பு கூடின கடினத் தண்ணி முடியைச் சொரசொரப்பாக்கும், நடுவுல உடைக்கும். வேரோட பிடுங்காது. அதோட, கீழே இருக்கிற போர்த் தண்ணியை விட மலை ஓடைத் தண்ணியில உப்பு பொதுவா குறைவு. தண்ணிதான் காரணம்னா மலைக்குப் போனவங்க முடி இன்னும் நல்லா இருந்திருக்கணுமே? ஆனா அந்தப் பாட்டிகள் பொய் சொல்லலை. மலைக்குப் போன கொஞ்ச நாள்ல முடி கொட்டினது நிஜம். அப்ப வேற என்ன நடந்துச்சு?

இதுக்கு முடியோட கணக்கு தெரியணும். நம்ம தலையில சுமார் 1 லட்சம் முடி. அதுல பத்துல ஒன்பது பங்கு வளர்ந்துக்கிட்டு இருக்கும், மிச்சம் ஓய்வுல இருக்கும். ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது, ரெண்டு மூணு மாசம் அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துட்டு அப்புறம்தான் விழும். தினம் 50 முதல் 100 முடி விழுறது சகஜம். கடும் காய்ச்சல், பிரசவம், ரத்த இழப்புன்னு உடம்புக்கு ஒரு அடி விழுந்தா ஏகப்பட்ட முடி ஒரே நேரத்துல ஓய்வுக்குப் போயிடும். மூணு மாசம் கழிச்சு சீப்புல கொத்துக் கொத்தா வரும். ஆல்பர்ட் கிளிக்மன்கிற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1961ல இதுக்கு 'டெலோஜன் எஃப்ளூவியம்'னு பேர் வெச்சார். பேர்தான் புதுசு. 1918 இன்ஃப்ளூயன்சா சமயத்துலயே காய்ச்சல் வந்தவங்களுக்குப் பின்னாடி முடி கொட்டினதை டாக்டர்கள் பார்த்திருக்காங்க. 2020, 2021ல கொரோனா வந்து போனவங்க நம்ம வீட்டுலயே பார்த்தோம்.

இப்ப நம்ம மலைக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணி கொண்டு வந்த பெரியாறு அணையை 1887 முதல் 1895 வரை கட்டினாங்க. அங்க ஆளைச் சாய்ச்சதுல பெரிய பங்கு மலேரியாவுக்கு. கெட்ட காத்துலதான் அந்தக் காய்ச்சல் வருதுன்னு அப்ப நம்பினாங்க. கொசுவுக்குள்ள மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் கண்டுபிடிச்சதே 1897ல, அதாவது அணை கட்டி முடிச்ச பிறகு! மலைத் தோட்டங்கள்லயும் இதே காய்ச்சல்தான். வால்பாறைத் தோட்டங்கள்ல டாக்டரா இருந்த பி.எச். டேனியல் 1969ல எழுதின நாவலை, இரா. முருகவேள் மொழிபெயர்ப்புல 'எரியும் பனிக்காடு'ன்னு நம்மள்ல நிறையப் பேர் படிச்சிருப்போம். எஸ்டேட் லயத்துக்குள்ள காய்ச்சல் என்ன பண்ணும்னு அதுல தெரியும்.

யோசிச்சுப் பாருங்க. ஆடியில ஒரு பொண்ணு மலைக்குப் போகுது. மழையோட காய்ச்சல் வந்து பத்து நாள் படுக்குது, எந்திரிச்சு வேலைக்கும் போயிடுது. ஐப்பசி கார்த்திகையில முடி கொட்டுது. காய்ச்சல் அதுக்கு மறந்தே போச்சு. தினமும் கண்ணு முன்னாடி இருக்கிறது தண்ணி. பழி அது மேல!

காய்ச்சலாவது வந்துட்டுப் போயிடும். போகாத எதிரி ஒண்ணு உண்டு, கொக்கிப்புழு. ஈர மண்ணுல வெறுங்காலோட நடந்தா பாதத் தோல் வழியா உள்ளே போயி, குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கும். ஆர்தர் லூஸ்கிற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் 1890கள்ல கெய்ரோவுல புழுக் குஞ்சுகள் இருந்த தண்ணியைத் தெரியாமக் கையில சிந்திக்கிட்டார். கை அரிச்சுச்சு. கொஞ்ச நாள் கழிச்சு அவர் மலத்துலயே முட்டை இருந்துச்சு. தோல் வழியாப் போகும்னு உலகம் தெரிஞ்சுக்கிட்டது அப்படித்தான்.

கழிப்பறை இல்லாத லயம், நிழல், ஈரம், செருப்பில்லாத கால். தேயிலைத் தோட்டத்தை விட இந்தப் புழுவுக்கு நல்ல இடம் ஏது? இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போனதும் நம்ம மதுரை, திருச்சி, நெல்லைப் பக்கத்து ஜனங்கதான். அங்க 1916ல ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை ஆரம்பிச்சது. 1920கள்ல அந்த வேலை சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு.

ஒரு சின்ன வீட்டுக் கணக்கு. தென்னிந்தியாவுல அதிகம் இருக்கிற கொக்கிப்புழு வகையில ஒரு புழு நாளைக்குக் குடிக்கிறது சுமார் 0.03 மில்லி ரத்தம். வயித்துல 100 புழு இருந்தா நாளைக்கு 3 மில்லி, மாசத்துக்கு 90 மில்லி. மாதவிலக்குல சாதாரணமாப் போறது 30, 40 மில்லி. அதாவது அந்தப் பொண்ணுக்கு மாசம் ரெண்டு தடவை கூடுதலா விலக்கானதுக்குச் சமம்! ஆம்பளைக்கும் புழு உண்டுதான். ஆனா இவளுக்கு மாசாமாசம் விலக்கு, வருசையாப் பிரசவம், வீட்டுல கடைசியாச் சாப்பிடுற வழக்கம், எல்லாம் அது மேல ஏறுது. இரும்புச்சத்து வத்தின உடம்பு உயிரைப் பிடிச்சு வைக்கப் பார்க்குமா, முடியைப் பார்க்குமா? துரைமார் கணக்குப் புத்தகத்துல பறிச்ச கொழுந்து ராத்தல் கணக்குல ஏறுச்சு. போன ரத்தத்தோட கணக்கு அவங்க சீப்புலதான் இருந்துச்சு.

1951ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிதண்ணி, கழிப்பறை, மருத்துவ வசதி எல்லாம் முதலாளியோட கடமைன்னு சொல்லுச்சு. முடிக்காக யாரும் அதைக் கொண்டு வரலை. ஆனா எந்தத் தைலத்தையும் விட முடிக்கு நல்லது பண்ணக்கூடியது அதுதான்னு நான் சொல்லுவேன்.

நம்ம சித்த வைத்தியத்துல ஒரு விஷயம் கவனிச்சீங்களா? கரிசலாங்கண்ணியைத் தலைக்கு எண்ணெயாக் காய்ச்சுவாங்க. அதே கரிசாலையில ரத்தசோகைக்கு, அதாவது பாண்டுக்கு, லேகியமும் கிண்டுவாங்க. நாம எண்ணெயை மட்டும் பிடிச்சுக்கிட்டோம்.

"அதெல்லாம் பழைய கதை"ன்னு சொல்றீங்களா? 2019-21ல எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! அதுல இன்னொரு வேடிக்கை, சாப்பாட்டோட டீ குடிச்சா அதுல இருக்கிற டானின் சோத்துல இருக்கிற இரும்பு உடம்புல சேர விடாது. கொழுந்து பறிச்சவளுக்கு அந்தக் கொழுந்தே எதிரி.

எல்லா முடிக்கும் இரும்பு மட்டுமே காரணம் இல்லை. தைராய்டு உண்டு, இறுக்கிப் பின்னுறது உண்டு. வகிடு மெல்ல அகலமாகிற பரம்பரை வகையும் உண்டு, அதை 1977ல லுட்விக்ங்கிறவர் மூணு படியாப் பிரிச்சு எழுதினார். அதனால வீட்டுல யாருக்காவது முடி கொட்டுனா ஷாம்பூவை மாத்துறதுக்கு முன்னாடி, மூணு மாசத்துக்கு முன்னாடி என்ன ஆச்சுன்னு கேளுங்க. காய்ச்சலா, பிரசவமா, பட்டினியா? அப்புறம் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு மூணையும் டாக்டர்கிட்டக் கேட்டுப் பார்த்துடுங்க.

எங்க ஊர்ல தண்ணியைத் திட்டுவோம். உங்க ஊர்ல எதைத் திட்டுவாங்க? சொல்லுங்க மக்களே :-)