வடிகாலில் வளர்ந்த மீன்பிடி: தென் புளோரிடாவின் கால்வாய்களும் கிராப்பியும்

கயாக் என்னும் ஒடுக்கமான துடுப்புப் படகில் அமர்ந்தபடி, ஈயத்தலை கொண்ட ஜிக் என்னும் சிறு தூண்டிலைத் தண்ணீருக்குள் இறக்கிக் கிராப்பி மீன் பிடிப்பது அமெரிக்காவின் தென் புளோரிடாவில் குளிர்கால வழக்கங்களுள் ஒன்று. ஒகிசோபி ஏரியைச் சுற்றியுள்ள வெட்டுக் கால்வாய்களும் அந்த ஏரியோடு இணைந்த நீர்வழிகளும் இதற்குக் களம். இந்தக் கால்வாய்களில் ஒன்றுகூட மீனுக்காக வெட்டப்பட்டதில்லை. சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்குவதற்கும், பின்னாளில் வெள்ளத்தை அடக்குவதற்கும் வெட்டப்பட்டவை அவை. வடிகாலாகத் தொடங்கிய ஒன்று மீன்பிடி நீராக மாறிய வரலாறு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு நீளமுடையது.

மீனின் இயல்பு

புளோரிடாவில் கிடைக்கும் கருங்கிராப்பி வட அமெரிக்காவுக்கே உரிய நன்னீர் மீன். பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சார்லஸ் அலெக்சாந்தர் லெசுயர் 1829இல் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். புளோரிடாக்காரர்கள் இதை 'ஸ்பெக்' என்றும் 'ஸ்பெக்கிள்ட் பெர்ச்' என்றும் அழைக்கிறார்கள். தட்டையான உடல், வெள்ளி நிறத்தின் மேல் கரும்புள்ளிகள், காகிதம்போல் மெல்லிய வாய் ஆகியவை இதன் அடையாளங்கள். வெடுக்கென்று இழுத்தால் தூண்டில் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

கிராப்பி கூட்டமாக வாழும். சிறு மீன்களையும் புல் இறாலையும் தின்னும். அந்தி மயங்கும் நேரத்திலும் இரவிலும் இரை தேடும். தண்ணீரின் வெப்பம் 17 முதல் 20 பாகை செல்சியஸை எட்டும்போது ஆண் மீன் கரையோர ஆழமற்ற நீரில் கூடு அமைத்து முட்டையைக் காவல் காக்கும். தென் புளோரிடாவில் இந்தக் காலம் பிப்ரவரியை ஒட்டி வந்துவிடுகிறது. வெயில் ஏறியதும் மீன் ஆழமான நடுநீருக்கு நகர்ந்துவிடும். ஒகிசோபியைச் சுற்றி ஏராளமாக இருக்கும் இந்த மீன், தெற்கே மயாமி நகரை நெருங்க நெருங்கக் குறைகிறது.

கால்வாய்க்கு முன்

கால்வாய்கள் வருவதற்கு முன் தென் புளோரிடாவின் பெரும்பகுதி தொடர்ந்த நீர்ப்பரப்பாக இருந்தது. கிசிமி ஆறு வடக்கிலிருந்து ஒகிசோபி ஏரியை நிரப்பும். ஏறத்தாழ 1,900 சதுர கிலோமீட்டர் பரப்பும் மூன்று மீட்டருக்கும் குறைவான சராசரி ஆழமும் கொண்ட அந்த ஏரி, மழைக்காலத்தில் தென்கரை வழிந்து ஓடும். வழிந்த நீர், அரம்போல் விளிம்புடைய கோரை மண்டிய சமவெளியில் அகன்ற படுகையாகப் பரவி, மிக மெதுவாகக் கடலை நோக்கி நகரும். இதுவே எவர்கிளேட்ஸ்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க அரசோடு நடந்த போர்களுக்குப் பின் எஞ்சிய செமினோல் பழங்குடியினர் சில நூறு பேர் இந்தச் சதுப்புக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். சைப்ரஸ் மரத்தைக் குடைந்து செய்த ஒடுக்கமான ஓடமே அவர்களுடைய வாகனம். அதில் நின்றபடி நீண்ட கழியால் உந்தி, கோரைக்கு நடுவே மீன் பிடித்தார்கள், வேட்டையாடினார்கள். முதலைத் தோலையும் நீர்நாய்த் தோலையும் பறவை இறகையும் கடற்கரைக் கடைகளுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். ஒரு சாண் தண்ணீர் இருந்தாலே அந்த ஓடம் போகும்.

வடிக்கும் காலம்

1850இல் இயற்றப்பட்ட சட்டம் சதுப்பு நிலங்களை மாநிலங்களுக்கு ஒப்படைத்து, அவற்றை வடித்துப் பயன்படுத்த வழி திறந்தது. 1881இல் பிலடெல்பியாவின் தொழிலதிபர் ஹாமில்டன் டிஸ்டன் ஏக்கர் 25 சென்ட் விலையில் 40 லட்சம் ஏக்கர் நிலத்தைப் புளோரிடா அரசிடம் வாங்கினார். அவருடைய தூர்வாரும் படகுகள் கிசிமிப் பகுதி ஏரிகளை ஒன்றோடொன்று இணைத்தன. மேற்கே கலூசஹாச்சி ஆற்றுக்கும் ஒகிசோபிக்கும் இடையே வழி வெட்டின. வடக்கு ஏரிகளின் நீர்மட்டம் இறங்கியது. எவர்கிளேட்ஸ் மட்டும் வற்றவில்லை.

1905இல் ஆளுநரான நெப்போலியன் போனபார்ட் புரோவர்ட், சதுப்பை வடிப்பதையே தேர்தல் வாக்குறுதியாக முன்வைத்து வென்றவர். 1906இல் ஃபோர்ட் லாடர்டேல் அருகே தூர்வாரும் பணி தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் மயாமி, வட நியூ ரிவர், ஹில்ஸ்பரோ, வெஸ்ட் பாம் பீச் என்னும் நான்கு பெருங்கால்வாய்கள் ஏரியைத் தென்கிழக்குக் கடற்கரையோடு இணைத்தன. 1928இல் திறக்கப்பட்ட டாமியாமி நெடுஞ்சாலை இன்னொரு வகைக் கால்வாயைத் தந்தது. சாலை மேட்டுக்காகச் சுண்ணாம்புப் பாறையை வெடிவைத்துத் தோண்டிய பள்ளம், சாலையின் பக்கத்திலேயே நீண்ட நீர்வழியாக நின்றுவிட்டது.

நீர் இறங்கியதும் செமினோல் ஓடங்களின் தடங்கள் காய்ந்தன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்கடியில் சேர்ந்த கரிய மக்கு மண், காற்றுப்பட்டதும் சிதைந்து தாழத் தொடங்கியது. பெல் கிளேட் ஊரின் ஆய்வுப் பண்ணையில் 1924இல் அடிப்பாறை வரை இறக்கப்பட்ட ஒன்பது அடிக் கான்கிரீட் தூணின் தலை அன்று தரையோடு சமமாக இருந்தது. இன்று அந்தத் தூணில் பாதிக்கு மேல் வெளியே நிற்கிறது.

புயலும் கரையும்

1926இன் புயல் ஏரியின் தாழ்ந்த மண் கரையை உடைத்து மூர் ஹேவன் ஊரை மூழ்கடித்தது. 1928 செப்டம்பர் 16 இரவு வந்த புயல் தென்கரையை அடியோடு பெயர்த்தது. குறைந்தது 2,500 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வயல் வேலைக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். போர்ட் மயாகாவில் மட்டும் ஏறத்தாழ 1,600 உடல்கள் ஒரே குழியில் புதைக்கப்பட்டன.

இதன் பின்னர் 1930களில் இராணுவப் பொறியாளர் படை ஹெர்பர்ட் ஹூவர் கரையைக் கட்டியது. கரைக்கு மண் எடுத்த இடம் ஏரியை ஒட்டிய விளிம்புக் கால்வாயாயிற்று. கிராப்பி மீன்பிடியில் பின்னாளில் இந்தக் கால்வாய்க்குத் தனி இடம் கிடைத்தது.

1947இல் மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸின் எவர்கிளேட்ஸ் பற்றிய நூல் வெளிவந்தது. அதே ஆண்டு எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவும் திறக்கப்பட்டது. அதே ஆண்டின் பெருவெள்ளம் தென்கிழக்கு நகரங்களை மூழ்கடித்தது. காக்க வேண்டும் என்ற குரலும் அடக்க வேண்டும் என்ற குரலும் ஒன்றாக எழுந்த காலம் அது. அடக்கும் குரலே அப்போது வென்றது. 1948இல் நாடாளுமன்றம் அனுமதித்த மத்திய, தென் புளோரிடா திட்டம் கரைகளையும் மதகுகளையும் இறைப்பு நிலையங்களையும் நெடுந்தூரக் கால்வாய்களோடு பிணைத்தது. 1962 முதல் 1971 வரை, 166 கிலோமீட்டர் வளைந்தோடிய கிசிமி ஆறு 90 கிலோமீட்டர் நேர்க்கால்வாயாக மாற்றப்பட்டது. சி-38 என்று எண்ணிடப்பட்ட அந்தக் கால்வாயின் ஆழம் ஒன்பது மீட்டர்.

மீன் கால்வாய்க்கு வந்தது எப்படி

புளோரிடாவில் நவம்பர் முதல் மே வரை மழை குறைவு. முன்பு இந்த மாதங்களில் சதுப்பில் நீர் வற்றும்போது மீன்கள் முதலைகள் தோண்டிய பள்ளங்களில் ஒதுங்கின. கால்வாய்கள் வந்தபின் ஆண்டு முழுவதும் வற்றாத ஆழநீர் பக்கத்திலேயே கிடைத்தது. சதுப்பில் பெருகிய குஞ்சு மீன்களும் இறாலும் மழை குறைந்த அந்த மாதங்களில் கால்வாயில் வந்து நெருங்க, அவற்றைத் தின்னும் மீன்களும் பின்தொடர்ந்தன.

பாலத்தூண்களும் படகுத்துறைகளும் மதகுக் குழாய்களும் கிராப்பிக்கு நிழலும் மறைவும் தந்தன. மதகு திறக்கும்போது நீரோட்டம் இரையை அடித்து வரும். வெட்டுக்கரை செங்குத்தாக இறங்குவதால், முட்டையிடும் ஓர நீருக்கும் கோடையில் ஒதுங்கும் ஆழத்துக்கும் தூரம் சில மீட்டரே. ஆனால் இந்த ஆதாயத்துக்கு விலை பெரிது. கிசிமி ஆறு நேரானபோது அதன் வெள்ளச் சமவெளி காய்ந்து, நீர்ப்பறவைகளும் ஆற்று மீன்களும் பெருமளவு குறைந்தன.

மூங்கில் கழியிலிருந்து ஜிக்குக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகிசோபியின் மீன்தொழில் கெளுத்தியை நம்பியிருந்தது. பெரிய இழுவலைகளில் பிடித்த கெளுத்தி வெளியூர்ச் சந்தைகளுக்குப் போயிற்று. 1915இல் ஒகிசோபி ஊருக்கு ரயில் வந்ததும் அந்த வணிகம் வேகம் பெற்றது. கிராப்பியோ வீட்டுச் சமையலுக்குப் பிடிக்கும் மீனாக இருந்தது. நீண்ட மூங்கில் கழி, தக்கை, முள்ளில் உயிருள்ள சிறு மீன் அல்லது இறால், இவ்வளவே கருவி. குளிர்கால இரவில் விளக்கைத் தண்ணீருக்கு மேல் பிடித்து, வெளிச்சத்துக்கு வரும் சிற்றுயிர்களைத் தேடி வரும் கிராப்பியைப் பிடிப்பதும் பழைய வழக்கம்.

இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் கருவிகள் மாறின. 1939இல் விற்பனைக்கு வந்த நைலான் நரம்பு, அதாவது தமிழக மீனவர்கள் தங்கூசி என்று சொல்வது, பருத்தி நூலையும் பட்டு நூலையும் படிப்படியாக ஒதுக்கியது. 1940களின் பிற்பகுதியில் கண்ணாடியிழைக் கழி வந்தது. 1949இல் ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் நிக் கிரீம் மென்மையான பிளாஸ்டிக்கில் புழு செய்தார். பிளாஸ்டிக் வால் செய்யும் தொழில் அங்கிருந்து கிளைத்தது.

ஜிக் என்பது முள்ளின் கழுத்தில் ஈயம் வார்த்துத் தலையாக்கி, பின்னால் மயிரோ இறகோ கட்டிய தூண்டில். கிராப்பிக்கான ஜிக்கின் எடை பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கிராம். வான்கோழியின் மெல்லிறகு நீரில் தானே மூச்சுவிடுவதுபோல் அசையும். 1970களில் சுருள்வால் பிளாஸ்டிக்கும் குழல் வடிவ பிளாஸ்டிக்கும் பரவின. உயிருள்ள இரையை வாளியில் காப்பாற்றிக்கொண்டிருக்கும் தேவை குறைந்து, சட்டைப்பைக்குள் அடங்கும் பெட்டி போதும் என்றாயிற்று.

கயாக்கின் வருகை

கயாக் ஆர்க்டிக் பகுதியின் இன்யூட், யூப்பிக், உனங்கன் மக்களின் கண்டுபிடிப்பு. மிதந்து வந்த மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோல் போர்த்தி, வேட்டைக்கும் மீன்பிடிக்கும் அதைச் செய்தார்கள். ஐரோப்பாவில் 1865இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மக்கிரெகர் இதே வடிவை ஒட்டிய ராப் ராய் படகில் ஆறுகளைச் சுற்றிவந்து எழுதிய பயணநூல், துடுப்புப் படகைப் பொழுதுபோக்காக்கியது. 1907இல் ஜெர்மனியின் யோகான் கிளெப்பர் மடக்கு கயாக் செய்யும் உரிமையை வாங்கி உற்பத்தி தொடங்கினார்.

மீன்பிடிக்கு இன்று பரவலாக உள்ள கயாக் 1970களின் விளைவு. அப்போது கலிபோர்னியாவில் டிம் நீமியர், உள்ளே நுழைந்து அமராமல் மேலே அமரும் கயாக்கை உருவாக்கினார். கவிழ்ந்தாலும் திரும்ப ஏறலாம், இரு கையும் கழிக்குக் கிடைக்கும். பாலிஎதிலீனை உருக்கிச் சுழற்றி வார்க்கும் முறை வந்ததும் விலை குறைந்தது, உறுதி கூடியது. 1997இல் ஹோபி நிறுவனம் காலால் மிதிக்கும் இயக்கியை அறிமுகப்படுத்தியபின் துடுப்புப் பிடிக்காமலே நகர முடிந்தது.

கால்வாய்க்கு இந்தப் படகு நன்கு பொருந்தியது. படகுத்துறை இல்லாத கரையிலிருந்தும் இறக்கலாம். எஞ்சின் படகு நுழையாத தாழ்ந்த பாலத்தின் கீழும் போகலாம். புளோரிடாவில் எஞ்சின் இல்லாத கயாக்குக்குப் பதிவு தேவையில்லை. செமினோல் ஓடம் மறைந்த நிலத்தில், ஒடுங்கிய, ஆழம் தேவைப்படாத படகு மீண்டும் புழங்கத் தொடங்கியது.

பிடிக்கும் முறை

கயாக்கைச் சத்தமின்றிப் பாலத்தூண் அருகே நிறுத்தி, ஜிக்கை நேர்கீழாக இறக்குவது முதல் முறை. கிராப்பி தனக்கு மேலே உள்ள இரையை எளிதில் காணும். கீழே உள்ளதைக் கவனிப்பது அரிது. எனவே மீன் நிற்கும் ஆழத்துக்குச் சற்று மேலேயே ஜிக்கை நிறுத்த வேண்டும். எறிந்தபின் ஜிக் மூழ்கும் நேரத்தை எண்ணி, கடி விழுந்த எண்ணிலேயே அடுத்த முறையும் சுற்றத் தொடங்குவது இரண்டாவது. துடுப்பை மெல்லப் போட்டு இரண்டு மூன்று கழிகளைப் பின்னால் இழுத்துச் செல்வது மூன்றாவது. கூட்டம் எங்கே என்று தெரியாதபோது இது உதவும். கடி பெரும்பாலும் தட்டலாக வராது. நரம்பு தளர்ந்தாலே கழியை மென்மையாக உயர்த்த வேண்டும்.

சட்டமும் நீரின் நலமும்

மாநிலப் பொதுவிதி ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 கிராப்பி என்று வரம்பிடுகிறது. பழைய மூங்கில் கழி வழக்கத்தைச் சட்டம் இன்றும் மதிக்கிறது. தம் சொந்த மாவட்டத்தில், நரம்பு சுற்றும் கருவியில்லாத கழியும் இயற்கை இரையும் கொண்டு பிடிக்கும் புளோரிடாவாசிக்கு உரிமம் வேண்டாம். ஜிக் இயற்கை இரை அல்ல என்பதால் அதற்கு இந்த விலக்கு பொருந்தாது. மதகுகளின் அருகே நீர் திடீரெனப் பாயும். எனவே கயாக் அவற்றை நெருங்கக் கூடாது. மிதவை அங்கி படகில் இருப்பது கட்டாயம்.

நீரின் நிலை கவலைக்குரியது. வயல்களிலிருந்தும் கால்நடைப் பண்ணைகளிலிருந்தும் வரும் பாஸ்பரஸால் ஏரியில் பாசி பெருகுகிறது. 2016இலும் 2018இலும் அது கால்வாய் வழியே கடல்வரை பரவியது. ஆகாயத்தாமரையும் ஹைட்ரில்லா என்னும் நீர்க்களையும் நீர்வழிகளை அடைக்கின்றன. எவர்கிளேட்ஸ் மீனில் பாதரசம் கண்டறியப்பட்டு 1989இல் உண்ணும் அளவு குறித்து எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

2000இல் நாடாளுமன்றம் எவர்கிளேட்ஸ் முழுவதற்குமான மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதற்கு முன்பே, 1999இல், கிசிமி மீட்பு தொடங்கியிருந்தது. சி-38 கால்வாயில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் மண்ணிட்டு மூடப்பட்டு, பழைய ஆற்றின் 70 கிலோமீட்டரில் மீண்டும் நீர் ஓடவிடப்பட்டது. 2021இல் பணி நிறைவுற்றபோது பறவைகளும் பாஸ், சன்ஃபிஷ் மீன் இனங்களும் ஆற்றுக்குத் திரும்பியிருந்தன.

கால்வாய் மீனைப் படைக்கவில்லை. சதுப்பு வளர்த்த மீனை ஓரிடத்தில் சேர்த்துக் கொடுத்தது. சதுப்பும் ஏரியும் நலமாக இருக்கும்வரைதான் கால்வாயில் கிராப்பி இருக்கும். தென் புளோரிடாவின் நூற்றைம்பது ஆண்டு நீர் வரலாறு தரும் தீர்ப்பு இது.